இழையோட்டிய வேட்டி

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு சிறுகதை வந்தது. பத்தாவது வரை என்னோடு படித்த தோழி அனுப்பியிருந்தாள். தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கைமாறிக் கைமாறி வந்ததில் எங்கேயோ உதிர்ந்திருக்கும். எழுதியவர் கண்ணில் இது பட்டால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கதையை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அழுதும்விட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். தன்னிடம் படித்த பையன் கலெக்டராகி அதே ஜில்லாவுக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனைப் பார்க்க பங்களாவுக்குப் போகிறார். பல இடத்தில் தைத்த கந்தல் வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. வாசலில் நரைத்த மீசையோடு ஒரு செக்யூரிட்டி. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனு என்றால் திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா என்று விரட்டுகிறான். ஆசிரியர் எதிர்ப்புற மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். சாயங்காலம் கலெக்டரின் கார் வருகிறது. அவர் இறங்கி ஓடிவந்து ஆசிரியர் காலில் விழுகிறார். பிறகு செக்யூரிட்டியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் திட்டுகிறார். அவன் நடுநடுங்கி மன்னிப்புக் கேட்கிறான். ஆசிரியர் சிரித்தபடியே, மரியாதை உடுப்புக்கு இல்லை, மனுசனுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

எங்கள் பள்ளித் தோழிகள் குரூப்பில் எல்லாரும் கைகூப்பிப் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் முதல் தடவை படித்ததும் போட்டேன்.

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். கதை முழுக்க ஆசிரியர் ‘அவர்’. பாதிக் கதைக்குப் பிறகு வரும் கலெக்டரும் ‘அவர்’. செக்யூரிட்டி மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ‘அவன்’. நரைத்த மீசை என்று எழுதியவரே சொல்லியிருக்கிறார். அறுபதை ஒட்டிய ஆள். கதை நடந்த ஊரில் தெருவில் பார்த்தால் ‘அண்ணே’ என்றோ ‘ஐயா’ என்றோதானே கூப்பிடுவோம்? மரியாதையைப் பற்றி எழுதிய கதையில் ஒரு ‘ர்’ அவருக்குக் கிடைக்கவில்லை. இனி நான் எழுதும்போது அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

இன்னொன்று அந்த வேட்டி. பல இடத்தில் தைத்த வேட்டியை எழுதியவர் கந்தல் என்கிறார். நான் முப்பது வருசமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவள். கிழிந்த துணியும் இழையோட்டிய துணியும் எனக்கு ஒன்றாகத் தெரியாது. வேட்டியில் இழையோட்டுவது லேசான வேலை கிடையாது. வெள்ளை நூலிலேயே நாலு வகை வெள்ளை இருக்கிறது, துணியின் வெள்ளைக்குப் பொருந்துகிற நூலைத் தேடி எடுக்கணும். பாவு போகிற திசையில் ஒரு தடவை, ஊடை போகிற திசையில் ஒரு தடவை, இழுத்துச் சுருங்காமல் நெய்கிற மாதிரி ஊசியை விட்டு எடுக்கணும். கலெக்டரைப் பார்க்கப் போகும் நாளில் அந்த மனுசர் அதைத் துவைத்து, நீலம் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு விழ வைத்துத்தான் கட்டியிருப்பார். அது மரியாதையில்லாத உடுப்பா? அவரிடம் இருந்த மரியாதை முழுவதும் அந்த வேட்டியில்தான் இருந்திருக்கிறது. கடைசியில் அவர் வாயாலேயே, மரியாதை உடுப்புக்கு இல்லை என்று சொல்ல வைத்துவிட்டார் எழுதியவர். அந்த வாத்தியார் அப்படிச் சொல்லியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம்ப முடியாததற்குக் காரணம் என் அத்தா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தாவுக்குப் புதுமண்டபத்தில் தையல் கடை. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அந்தக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள்தான். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் ஒரு மிஷின், ஒரு கட்டிங் பலகை, கொடியில் தொங்கும் சட்டைகள். சிலைகளின் காலடியில் நூல்கண்டு டப்பா. வெயில் காலத்தில் கல்லின் குளிர்ச்சிக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடிவிடுவேன். பட்டன் கட்டவும் காஜா எடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

சித்திரை வந்துவிட்டால் அத்தாவுக்குத் தூக்கம் கிடையாது. அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் மேலூர்ப் பக்கமிருந்தும் மானாமதுரைப் பக்கமிருந்தும் வந்து அழகர் உடுப்புக்கு அளவு கொடுப்பார்கள். இடுப்பில் போடும் சல்லடம், தலையில் கட்டும் உருமால், ஜரிகைக் கரை வைத்த மேல்சட்டை. திரியெடுத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு மாதிரி, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு ஒரு மாதிரி. அத்தா ஐந்து வேளை தொழுகிறவர். அந்தத் துணியைத் தைக்கும்போது மட்டும் தரையில் பட விடமாட்டார், மடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் போட்டுக்கொண்டுதான் தைப்பார். மிஷின் பெடலில் கால் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு சங்கடம். “அவங்க நேர்ந்துக்கிட்டுப் போடுற உடுப்பும்மா” என்பார்.

மதுரையில் உடுப்பு அப்படி ஒரு விசயம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று என்ன நிறப் பட்டு உடுத்திவருகிறார் என்று லட்சம் பேர் எட்டிப் பார்க்கிற ஊர் இது. பச்சை என்றால் அந்த வருசம் நாடு செழிக்கும் என்று சந்தோசமாக வீடு திரும்புவார்கள்.

1981 ஜூன். ஐந்தாம் வகுப்பு முடித்த என்னை நகருக்குள் இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்க்க அத்தா கூட்டிப் போனார். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அன்று வெள்ளிக்கிழமை கூட இல்லை. ஆனாலும் அத்தா வெள்ளிக்கிழமைக் கைலியை எடுத்துக் கட்டினார். கைலியில் என்ன விசேசம் என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீடுகளில் கைலிகளில் வித்தியாசம் உண்டு. கடைக்குப் போகக் கட்டம் போட்ட கைலி. ஜும்மாவுக்கும் நிக்காஹ் வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் வெள்ளைக் கைலி. அத்தாவுடையது பச்சைக் கரை போட்ட வெள்ளை, அவரே மூட்டியது. மூட்டிய தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் தெரியாது. அம்மா கரிப்பெட்டி வைத்துத் தேய்த்துக் கொடுத்தார். மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். அல்லாஹ்வின் முன்னால் நிற்கும்போது என்ன உடுத்துவாரோ அதைத்தான் அத்தா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தினார்.

ஆபீஸ் வாசலில் குமாஸ்தா மேலே பார்க்கவே இல்லை. கால் பக்கம் பார்த்தார்.

“கைலியோட எல்லாம் உள்ள வரக் கூடாது பாய். வெளிய நில்லு.”

“சரிங்க சார்” என்றார் அத்தா. என்னை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். பதினோரு வயசுப் பிள்ளை நான், பாரத்தில் எங்கே என்ன எழுத வேண்டும் என்று தெரியாமல், ஒவ்வொரு கேள்விக்கும் வெளியே ஓடி ஜன்னல் வழியாக அத்தாவிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். அத்தா வெயிலில் நின்றார். அவர் கைலியைத் தூக்கிக்கூடக் கட்டியிருக்கவில்லை. குதிகால் வரை இறக்கிவிட்டிருந்தார். நம்மூரில் அது என்ன பாஷை என்று எல்லாருக்கும் தெரியும். பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவோம். யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத மரியாதை அது. அவர் இறக்கிவிட்டுத்தான் நின்றார். பார்த்தவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

அந்தக் குமாஸ்தா உடுப்பைப் பார்த்தார் என்று எனக்குக் கோபம் இல்லை. அவர் உடுப்பைப் பார்க்கவே இல்லை என்பதுதான் இத்தனை வருசம் கழித்தும் என் கோபம். கரையைப் பார்த்திருந்தால், தேய்த்த மடிப்பைப் பார்த்திருந்தால், கழுத்துப் பட்டனைப் பார்த்திருந்தால், எதிரே நிற்பவர் தனக்கு எவ்வளவு மரியாதை கொடுத்து வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கதையை எழுதியவரோடு என் சண்டையும் இதுவேதான். உடுப்பைப் பார்க்காதே, மனுசனைப் பார் என்கிறார். உடுப்பை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள் என்கிறேன் நான்.

அத்தா அடிக்கடி சொல்லும் ஒரு பெரியவர் உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகன் கூட்டிவந்திருக்கிறான். மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் வைத்திருந்தார்கள். அப்பாவுக்குச் சட்டை தைக்கணும். அறுபது வயசில் முதல் சட்டை. அத்தா அளவு நாடாவோடு எழுந்து போனால், பெரியவர் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார். நாடாவை உள்ளே நுழைக்க இடமில்லை. “கையை விரிங்க ஐயா” என்று அத்தா சொல்ல, விரித்து, அளக்கத் தொடங்குவதற்குள் மறுபடியும் கை மார்புக்குப் போய்விடுகிறதாம். மூன்று நாலு தடவை. கடைசியில் அந்த மகன் பின்னால் நின்று அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டானாம். மார்பு 34 என்று நோட்டில் எழுதும்போது தன் கை நடுங்கியது என்பார் அத்தா. அந்தச் சட்டைக்குக் கூலி வாங்கவில்லை.

ஏன் அப்படிக் கட்டிக்கொண்டார் என்பது நான் பெரியவளான பிறகு, படித்துத்தான் தெரிந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப்பாக வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண்பாண்டம்தான் புழங்கணும் என்கிற ஒன்றைத் தவிர மற்ற ஏழும் உடம்பையும் உடுப்பையும் பற்றியவை. அந்தப் பெரியவர் அப்போது வாலிபராக இருந்திருப்பார். உடுப்புக்கு மரியாதை இல்லை என்று அவரிடம் போய் யார் சொல்வது? தடை போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது, சட்டையில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று.

துண்டும் அப்படித்தான். கோயிலில் சாமி முன்னால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுகிறவர் தன் மனசால் கட்டுகிறார். பண்ணையார் முன்னால் கட்டு என்று சொல்லிக் கட்டுவது வேறு. சிவக்கொழுந்து என்ற நாதஸ்வர வித்வான் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஊர்வலத்தில் வாசித்து வரும்போது, வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னார்களாம். உடன் வந்த சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரி எடுக்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றிருக்கிறார். சின்னத் துணிதானே என்று அவர் விட்டுவிடவில்லை.

மதுரையில் உடையைப் பற்றிப் பேசினால் மேலமாசி வீதிக்கு வராமல் முடியாது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காலை, அந்தத் தெருவின் 251-ஏ எண் வீட்டில்தான் காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை அறுத்திருக்கிறது. அக்டோபர் 31 வரைக்குமாவது என்றுதான் முதலில் சொன்னார். கடைசி வரை அதுவே ஆனது. 1931இல் லண்டனில் ராஜாவைப் பார்க்கப் போனபோதும் அதே உடை. சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணியில் ஒரு பகுதி, ரத்தக்கறையோடு, தமுக்கம் பக்கத்து காந்தி மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஸ்கூலில் கூட்டிப் போனபோது மற்ற பிள்ளைகள் நகர்ந்த பிறகும் நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பாரிஸ்டர். கழற்றுவதற்கு அவரிடம் கோட்டு இருந்தது. அத்தாவின் பெரியவரிடம் கழற்ற என்ன இருந்தது? மதுரை அவுட்போஸ்ட் பகுதியில் அம்பேத்கர் சிலையைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கோட்டின் தோளைப் பார்ப்பேன். ஏன் எப்போதும் கோட்டு என்று சின்ன வயசில் அத்தாவிடம் கேட்டிருக்கிறேன். “போடக்கூடாதுன்னு சொன்னாங்கள்ல, அதான்” என்றார்.

2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஒரு வருசம் வரை ஜெயில், 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். அதைப் பேப்பரில் படித்த அன்று அத்தா கபருக்குப் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “கைலிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இனி அந்த செக்யூரிட்டி.

எங்கள் யூனிட்டில் ஆறு மிஷின். பள்ளிச் சீருடையும் செக்யூரிட்டி சீருடையும்தான் அதிகம். புதுத் தையல் மட்டும் வராது, ஆல்ட்டருக்கும் நிறைய வரும். செல்லூர்க்கார அண்ணன் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது வருவார். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறி நின்றபின் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். ஏஜென்சி கொடுக்கும் சட்டை அவருக்கு எப்போதும் இரண்டு சைஸ் பெரிசு. வேலையை விட்டுப் போன வேறு யாருடையதோ. அதற்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். தோள் தையல் புஜத்தில் வந்து நிற்கும். “பாயம்மா, தோளை மட்டும் ஏத்திக் குடுங்க. இப்படியே நின்னா எவனும் மதிக்க மாட்டேங்கிறான்” என்பார்.

இந்த வாரம் வந்தபோது கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். காலில் விழும் இடத்தில் அவருக்கும் கண் கலங்கியது. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உடுப்பைப் பார்த்துத்தான் உள்ள விடணும்னு எங்களுக்குச் சொல்லியே விடுறாங்க பாயம்மா. தப்பான ஆளை விட்டா எங்க வேலை போயிரும். சரியான ஆளை விடலைன்னாலும் போயிரும். நான் காவல் காக்குற கட்டடத்துல லிஃப்ட்ல நான் ஏறக்கூடாது, படியிலதான் போகணும்.”

சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். “அந்த ஆளு மறுநாள் வேலையில இருந்தாரா? கதையில போட்டிருக்கா?”

போடவில்லை. நான் திரும்பவும் கடைசிப் பத்தியை வாசித்துப் பார்த்தேன். கலெக்டர் திட்டுகிறார், ஆசிரியர் சிரிக்கிறார், இரண்டு பேரும் உள்ளே போகிறார்கள். இவரை விடுப்பா, இவர் என்ன செய்வார் என்று வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து எதிரே நின்றவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரே. அவரும் நாள் முழுக்க நின்றிருப்பாரே. மூன்றாவது தடவை நான் அழுதது அந்த இடத்தில்தான்.

எழுதியவருக்கு என் வேண்டுதல், அடுத்த கதையை மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள். அதே வாசல், அதே மனுசர் அங்கே நிற்கிறாரா என்று எழுதுங்கள்.

அன்றைக்கு ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய அந்த ஜூன் மாத வாரத்திலேயே அத்தா தனக்கு ஒரு பேண்ட் தைத்துக்கொண்டார். மீந்த டெரிகாட்டன் துண்டு, சாம்பல் நிறம். ஊருக்கெல்லாம் பேண்ட் தைத்தவர் தனக்கென்று தைத்த ஒரே பேண்ட் அது. என் பள்ளிக்கூடத்துக்கு வரும் நாளில் மட்டும் போடுவார். வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட்டுக் கைலிக்கு மாறிவிடுவார். அது அவருக்குப் பொருந்தவும் இல்லை, அதில் அவர் நடை வேறு மாதிரி இருக்கும்.

பெட்டியிலிருந்து எடுத்து, தொழில் பழக்கத்தில் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பெரியவர்கள் பேண்டில் பின் தையலில் ஒன்றரை இன்ச் துணி விடுவோம். வளர்கிற பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக விடுவது, அடுத்தடுத்த வருசம் பிரித்து விடுவதற்காக. அத்தா மூன்று இன்ச் விட்டிருந்தார். கால் மடிப்பிலும் அதே மாதிரி உள்ளே சுருட்டி வைத்திருந்தார். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தேன். பன்னிரண்டு முடிக்க ஏழு வருசம் இருந்தது.